நீர்த்த சாறு முதலில்

வேலூர்ப் பாகாயத்திலிருந்து ஆம்பூருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு ஊர் வந்துவிட்டதைப் பெயர்ப்பலகை சொல்ல வேண்டியதில்லை. மூக்கு சொல்லிவிடும். வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் நாட்டில் பிறந்தவர்கள் அந்த நாற்றத்தை நாற்றம் என்றே எண்ணுவதில்லை. அதற்குள் ஒரு அழகான வேதியியல் இருக்கிறது. அந்த வேதியியலைச் சொல்லிவிட்டு, கொஞ்சமும் எதிர்பாராத ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த சாற்றில் தோலைப் பதனிடுவது இங்கே பழைய முறை. கடுக்காயைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு நாக்கு சுருங்கியது நினைவிருக்கும். துவர்ப்பு என்று நாம் சொல்வது டானின் என்ற பொருளின் வேலை. எச்சிலில் இருக்கும் புரதங்களை அது பிடித்து இறுக்குகிறது. தொட்டிக்குள் தோலின் கொலாஜன் இழைகளையும் அதே போலப் பிடித்து இறுக்குகிறது. இறுகிய இழையை நுண்ணுயிர் தின்ன முடியாது, தோல் அழுகாது.

அப்படியானால் கெட்டியான சாற்றில் நேராகப் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். முடியாது. மேற்பரப்பு இழைகள் ஒரேயடியாக டானினை வாரிக்கொண்டு இறுகிவிடும். உள்ளே போகும் வழி அடைபட்டுவிடும். வெளியே பார்த்தால் பதமான தோல். அறுத்துப் பார்த்தால் நடுவில் பச்சை. சில மாதத்தில் உள்ளிருந்து அழுகத் தொடங்கும். ஆகவே புதுத் தோல் முதலில் இறங்குவது பலமுறை பயன்பட்டுச் சத்துப்போன, நீர்த்த சாற்றில். அடுத்த தொட்டியில் சற்றுக் கூடுதல். புதிதாக இறக்கிய கெட்டிச் சாறு, ஏறக்குறையப் பதமாகிவிட்ட தோலுக்குத்தான்.

இப்போது குரோமிய உப்பைச் சுழலும் மரப் பீப்பாயில் இட்டு ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். வேகம் கூடிற்றே தவிரப் படிகள் போகவில்லை. முதலில் உப்பும் அமிலமும் கொடுத்துத் தோலைப் புளிக்கவைப்பார்கள்; அந்த நிலையில் குரோமியம் இழையைப் பிடிக்காமல் உள்ளே ஊடுருவும். அது நடுப்பகுதி வரை போய்ச் சேர்ந்த பிறகு சோடாவைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அமிலத்தைத் தணிப்பார்கள். அப்போதுதான் பிடிப்பு. சோடாவை ஒரே வீச்சில் கொட்டினால் பீப்பாய்ச் சரக்கு மொத்தமும் பாழ்.

மனிதர்கள் ஒரு வழக்கத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதும் இப்படித்தானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு சமூகம் வேண்டும்: தன் மாற்றங்களை ஆண்டு வாரியாக எழுதி வைத்த சமூகம், பிறகு மருத்துவர்கள் அளந்தும் பார்த்த சமூகம். அப்படி ஒன்று உண்டு. நம் ஊர்ப் பேச்சில் அவர்கள் ஓய்வுநாள் சபைக்காரர்கள். முழுப் பெயர் ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகள்.

தொடக்கம் ஒரு தோல்வி. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க விவசாயி வேதாகமத்தின் எண்களைக் கூட்டிக் கழித்து, கிறிஸ்து திரும்பி வரும் காலம் நெருங்கிவிட்டது என்று அறிவித்தார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். அறுவடையைக்கூட விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. பொழுது விடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. பெரும்பாலோர் கலைந்து போனார்கள். கலையாமல் நின்ற சிறு கூட்டம் வேதத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டத் தொடங்கியது. அவர்கள் கண்ணில் பட்ட விஷயங்களில் ஒன்று சனிக்கிழமை.

ஏழாம் நாளே ஓய்வுநாள் என்பதை 1846இல் ஒரு சிறு நூலாக எழுதிப் பரப்பியவர் ஜோசப் பேட்ஸ். கப்பல் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கிளப்பிய ஒரு சிக்கல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்குகிறது, சரி. சாயங்காலம் என்றால் எத்தனை மணி? கடலோடி அல்லவா, பூமத்திய ரேகையை வைத்துக் கணக்குப் போட்டார். அங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டியே மறைகிறது. உலகத்துக்கெல்லாம் ஒரே நேரம் வேண்டுமானால் அதுதான் நியாயமான நேரம். ஆகவே மாலை ஆறு. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் ஆறு மணிக்கே ஓய்வுநாளைத் தொடங்கினார்கள்.

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் வந்த வினை இது. பூமத்திய ரேகையை விட்டு விலக விலக, கோடைப் பகலும் குளிர்காலப் பகலும் ஒன்றுக்கொன்று விலகிப் போகும். அட்வென்டிஸ்டுகளின் தலைமையிடமாக இருந்த மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக் ஏறக்குறைய 42 பாகை வடக்கே இருக்கிறது. டிசம்பரில் அங்கே பகல் ஒன்பது மணி நேரம். ஜூனில் பதினைந்துக்கும் மேல். சூரியக் கணக்கில் பொழுது சாய்வது ஒரு பருவத்தில் நாலரைக்கு, மறு பருவத்தில் ஏழரையும் தாண்டி. குளிர்கால வெள்ளியன்று இருட்டிய பிறகும் ஒன்றரை மணி நேரம் உழைக்கலாம். கோடைச் சனியன்று சூரியன் வானில் தகதகக்கும்போதே ஓய்வுநாள் முடிந்துவிடும்.

1855இல் ஜான் ஆண்ட்ரூஸ் என்ற இளைஞர் வேத வசனங்களைத் தேடித் தொகுத்துப் படித்துக் காட்டினார்: சாயங்காலம் என்றால் சூரியன் மறைதல். சபை ஏற்றது. பேட்ஸ் தயங்கினார், பிறகு தாமும் ஏற்றார். ஒன்பது ஆண்டு தவறான நேரத்தில் தொடங்கினோமே, அதெல்லாம் பாவக் கணக்கில் சேருமா என்று யாரும் தலையில் அடித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்த அளவு அன்றைக்கு. இன்றைக்குத் தெரிந்தது இன்றைக்கு. அதற்குப் பிறகு வந்த சீர்திருத்தங்களுக்கெல்லாம் இந்தப் போக்கே அச்சாகிவிட்டது.

நம் ஊரில் பேட்ஸின் விதி இத்தனை முரண்டு பிடித்திருக்காது. வேலூரில் கார்த்திகைத் தொடக்கத்தில் ஐந்தே முக்காலை ஒட்டியும் ஆனியில் ஆறே முக்காலை ஒட்டியும் சூரியன் மறைகிறது. ஒரு மணி நேர வித்தியாசம். தெற்கே போகப் போக அதுவும் குறையும். நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரத்தில் முக்கால் மணி நேரந்தான்.

பிரகாசபுரத்தைச் சும்மா இழுத்து வரவில்லை. அமெரிக்காவில் இந்தச் சபை ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது 1860இல். முறையாக அமைப்பானது 1863இல், அப்போது உறுப்பினர் ஏறக்குறைய 3,500 பேர். அதற்கும் முன்பே, 1857இல், அன்றைய திருநெல்வேலிச் சீமையின் தேரி மண்ணில், இதே பிரகாசபுரத்தில், தமிழர்கள் ஒரு தனிச் சபை கண்டுவிட்டார்கள். தலைவர் அருமைநாயகம். எல்லாரும் அழைத்தது சட்டாம்பிள்ளை என்று. பள்ளி மாணவர் தலைவனுக்கு அந்தக் காலப் பெயர் அது. நாசரேத்து மிஷனரியோடு ஏற்பட்ட பிணக்கில் வேலையை இழந்தவர். கால்டுவெல் என்ற மிஷனரி 1849இல் எழுதிய நூல் தம் சமுதாயத்தை இழிவுபடுத்திவிட்டது என்ற கோபமும் அவருக்குத் தீரவில்லை.

பிரிந்து போனவர்கள் அத்தோடு நிற்கவில்லை. ஐரோப்பியர் சேர்த்தது எது, வேதத்தில் உள்ளது எது என்று பிரித்தெடுக்க உட்கார்ந்தார்கள். பழைய ஏற்பாட்டைப் படிக்கப் படிக்க அது அயல் நூலாகத் தெரியவில்லை. தரையில் விழுந்து வணங்குதல், சாம்பிராணி, தூய்மைச் சடங்குகள் எல்லாம் தம் வீட்டு வழக்கம் போலவே இருந்தன. ஓய்வுநாள் சனிக்கிழமை என்ற முடிவுக்கும் வந்தார்கள். பேட்ஸ் எழுதிய நூல் எதுவும் அவர்கள் கைக்கு வந்ததாகத் தெரியவில்லை. இரண்டு கண்டங்களில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு கூட்டங்கள் ஒரே நூலைப் படித்து ஒரே கிழமையில் போய் நின்றன. இந்து கிறிஸ்தவ சபை என்றும், ஏகரட்சகர் சபை என்றும், நாட்டார் சபை என்றும் அதற்குப் பெயர்கள்.

அந்த ஊரில் ஓய்வுநாள் பார்ப்பது எளிதும் அல்ல. பனையேறுகிறவர் நாளுக்கு இரண்டு வேளை மரம் ஏறுகிறார். பாளையின் நுனியைத் தினம் சீவாவிட்டால் வெட்டு வாய் காய்ந்து சுரப்பு நின்றுவிடும். பனைக்குச் சனியும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. போதாததற்கு, கலயத்தில் விழும் சாறு தானாகவே கள்ளாகப் புளிக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் வேலை செய்ய முடியாமல் பதநீராக நிற்கும். மதுவிலக்குக்கும் மதுவுக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்பு! ஆம்பூர்த் தொட்டியில் தோலின் மயிரை உதிர்ப்பதும் அதே சுண்ணாம்புதான்.

அமெரிக்க அட்வென்டிஸ்டுகளின் புத்தக ஊழியர்கள் சென்னையில் வந்திறங்கியது 1893இல். பிரகாசபுரத்துச் சனிக்கிழமைக்காரர்களைப் பற்றிய செய்தி அவர்களுக்கு எட்டியது அதற்கும் பல ஆண்டு கழித்து. 1908இல் ஜே. எஸ். ஜேம்ஸ் குடும்பத்தோடு அங்கே போய்க் குடியேறினார். கிழமையைப் பற்றிப் பிரசங்கிக்க வேண்டிய வேலையே இல்லை. அந்தப் படியை ஊரே ஐம்பது ஆண்டுக்கு முன் ஏறி முடித்திருந்தது. சிலர் அட்வென்டிஸ்டுகளோடு சேர்ந்தார்கள். மற்றவர்கள், வெள்ளைக்காரரை விட்டு வந்தது இன்னொரு வெள்ளைக்காரரிடம் போகவா என்பது போலத் தம் சபையிலேயே நின்றார்கள். சட்டாம்பிள்ளை 1918 வரை வாழ்ந்தார். ஏகரட்சகர் சபை இன்றும் இருக்கிறது. ஜேம்ஸ் பெயரில் மேல்நிலைப் பள்ளியும் பிரகாசபுரத்தில் இருக்கிறது. தமிழ் அட்வென்டிஸ்டுகளின் வேர் இந்த ஊர்தான்.

கிழமை முடிந்தது, இனிச் சாப்பாடு.

இதிலும் முன்னோடி கப்பல்காரர் பேட்ஸ்தான். 1820களிலேயே முதலில் சாராயத்தை விட்டார். அடுத்து ஒயின். பிறகு புகையிலை. 1830களில் தேநீரும் காபியும் போயின. 1843இல் இறைச்சி. இருபது ஆண்டுக்கு மேல் இழுத்த படிக்கட்டு. ஆனால் அடுத்தவர் தட்டைப் பார்த்து அவர் பேசியதில்லை. ஏன் இறைச்சி வேண்டாம் என்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், என் பங்கை முன்பே தின்று தீர்த்துவிட்டேன் என்று நழுவிவிடுவாராம்.

சபை எடுத்துக்கொண்ட காலம் இன்னும் நீளம். புகையிலையின் மேல்தான் முதல் கை. 1848 முதல் எச்சரிக்கை. 1850களின் நடுவில் விடாதவர்களைச் சபையை விட்டு நீக்கும் அளவுக்குக் கண்டிப்பு வந்துவிட்டது. பன்றி இறைச்சி விஷயத்தில் நேர் எதிர். 1858இல் ஹாஸ்கெல் என்ற ஊழியர், அதைத் தடை செய்தே ஆக வேண்டும் என்று முனைந்தார். சபையின் தீர்க்கதரிசியாக மதிக்கப்பட்ட எல்லன் ஒயிட் அவரைத்தான் கண்டித்தார்: அது கடமையானால் எல்லாருக்கும் சேர்த்துத் தெரியவரும், ஓரிருவர் முந்திக்கொண்டு மற்றவர் மேல் சுமத்த வேண்டாம் என்ற பொருளில். ஐந்து ஆண்டு கழித்து, 1863 ஜூனில், மிச்சிகனின் ஒட்செகோவில் அவருக்கே உடல்நலத்தைப் பற்றிய தரிசனம் கிடைத்தது. பன்றி இறைச்சி கூடாது. இறைச்சியே இல்லாத உணவு நல்லது. தூய நீர், காற்று, உழைப்பு, ஓய்வு வேண்டும். 1866இல் பேட்டில் கிரீக்கில் ஒரு நலவாழ்வு இல்லம் திறந்தார்கள். பிற்காலத்தில் ஜான் கெல்லாக் அதை நடத்தியபோது பிறந்த காலை உணவுத் தகடுகள் இன்று காட்பாடிக் கடைகளிலும் அட்டைப் பெட்டியில் கிடைக்கின்றன.

தரிசனம் கண்ட அதே பெண்மணி இறைச்சியை அடியோடு விட்டது எப்போது? 1894 ஜனவரியில், ஆஸ்திரேலியாவில். முப்பது ஆண்டுகள்! பயணத்தில், உடம்பு முடியாதபோது, வேறு ஒன்றும் கிடைக்காத இடத்தில் அவ்வப்போது சாப்பிட்டதை அவரே மறைக்கவில்லை. இதைப் பாசாங்கு என்று எள்ளுகிறவர்கள் உண்டு. ஆவாரம் பட்டைத் தொட்டியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது என் கட்சி.

ஒட்செகோ தரிசனத்தை ஒட்டிய அதே ஆண்டுகளில் நம் வள்ளலாரும் இதே கேள்வியோடு நின்றது வியப்பு. 1865இல் சன்மார்க்க சங்கம், 1867இல் வடலூர்த் தருமசாலை. புலால் மறுத்தவர் அக இனம், மறுக்காதவர் புற இனம் என்று பிரித்தார். ஆனால் பசி என்று வந்தால் புற இனத்தாருக்கும் சோறு உண்டு என்று வைத்தார். கோடு போட்டார், கோட்டுக்கு அப்பால் நின்றவனைப் பட்டினி போடவில்லை.

அட்வென்டிஸ்டுகள் கடைசியில் எங்கே கோடு போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். புகையிலையும் மதுவும் உறுப்பினருக்கு ஆகாது. ஆனால் கோழிக்கறியோ ஆட்டுக்கறியோ தின்பவரைச் சபை வெளியே நிறுத்தவில்லை. சொல்லிக்கொடுத்தது, ஊக்கியது, கட்டாயப்படுத்தவில்லை. இதன் விளைவாக நூறாண்டு கழித்தும் அந்தச் சபையார் ஒரே படியில் நிற்கவில்லை. சிலர் பால், முட்டைகூடத் தொடாதவர்கள். சிலர் பாலும் முட்டையும் உண்பார்கள். சிலருக்கு மீன் உண்டு. சிலருக்கு எப்போதாவது கறி. மீதிப் பேர் மற்ற அமெரிக்கர்களைப் போல.

ஒரு நோயியல் ஆய்வாளருக்கு இது லாட்டரி விழுந்த மாதிரி. சாதாரண ஊரில் சைவம் உண்பவரையும் அசைவம் உண்பவரையும் ஒப்பிட்டால், இவர் புகைப்பதில்லை, அவர் குடிக்கிறார், இவர் கோயிலுக்குப் போகிறார் என்று நூறு வித்தியாசம் நடுவில் புகுந்து குழப்பும். இங்கேயோ எல்லாரும் ஒரே சபை. ஏறக்குறைய யாரும் புகைப்பதில்லை, குடிப்பதில்லை. ஆனால் தட்டு மட்டும் வேறு வேறு. ஒரு படியைக் கட்டாயமாக்கி, மறு படியைத் தன்விருப்பமாக விட்ட ஒரு மதச் சமூகம், தானறியாமலே ஒரு பரிசோதனைக்கூடத்தைக் கட்டி வைத்திருந்தது.

முதலில் மோப்பம் பிடித்தவர் எர்னஸ்ட் வைண்டர். புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவை 1950இல் காட்டியவர்களில் ஒருவர். 1950களின் இறுதியில் அட்வென்டிஸ்ட் மருத்துவமனைப் பதிவுகளைப் புரட்டியபோது, சபையாரிடம் நுரையீரல் புற்று மிக அரிதாகத் தென்பட்டது. கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் தொடர் ஆய்வுகள் தொடங்கின. 1970களில் தொடங்கிய ஒன்றில் ஏறக்குறைய 34,000 பேர். முப்பது வயதைத் தாண்டிய அட்வென்டிஸ்ட் ஆண்கள் மற்றக் கலிபோர்னியரைவிட 7.3 ஆண்டும் பெண்கள் 4.4 ஆண்டும் கூடுதலாக வாழலாம் என்று 2001இல் கணக்கு வெளிவந்தது. 2002இல் தொடங்கிய அடுத்த ஆய்வில் 96,000 பேர் வரை சேர்ந்தார்கள்.

அந்த ஆய்வு 2009இல் வெளியிட்ட ஓர் எண்வரிசையை நான் படிக்கட்டின் புகைப்படம் என்று நினைக்கிறேன். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண், விலங்குணவே தொடாதவர்களுக்கு 23.6, பால் முட்டையோடு நிற்பவர்களுக்கு 25.7, மீன் உண்பவர்களுக்கு 26.3, எப்போதாவது கறி உண்பவர்களுக்கு 27.3, வழக்கமாக உண்பவர்களுக்கு 28.8. சர்க்கரை நோயும் அதே வரிசையில் 2.9 விழுக்காட்டிலிருந்து 3.2, 4.8, 6.1, 7.6 என்று ஏறுகிறது. எந்தப் படியும் முறை தவறி முன்பின்னாக நிற்கவில்லை. எல்லாரையும் 1863இலேயே ஒரே நாளில் சைவமாக்கியிருந்தால் இந்த வரிசை கிடைத்திருக்காது; முதல் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது எண்ணே இருந்திராது.

வழக்கமான எச்சரிக்கைகள் உண்டு. இது கூர்ந்து கவனித்த ஆய்வு. சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்த சோதனை ஆகாது. கறியை விட்டவர் கூடவே நடையையும் கூட்டியிருக்கலாம். விலங்குணவை அடியோடு விட்டவர்கள் பி12 உயிர்ச்சத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இன்னொன்று, நமக்கு மட்டும். சைவம் என்ற சொல்லைக் கேட்டதும் வெள்ளைச் சோற்றைக் குவித்து, அப்பளம் பொரித்து, இனிப்போடு முடிக்கும் தட்டு நம் கண்முன் வருகிறது. அந்தத் தட்டுக்கும் இந்த எண்களுக்கும் உறவில்லை. தமிழ்நாட்டுச் சர்க்கரை நோய் கறிக்கடைகளில் மட்டும் பிறக்கவில்லை.

ஒரு தலைமுறையைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து பார்ப்பது பாகாயத்துக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. அங்கே இருக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் கே.வி. குப்பம் வட்டாரத்திலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தபோதே அளந்து, அவர்கள் நடுவயது ஆன பின்னும் தேடிப் போய் அளந்தது. சர்க்கரை நோயின் வேர் குழந்தைப் பருவ வளர்ச்சி வரை போவதைக் காட்டிய ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

ஆம்பூர்க்காரர்களை நான் பிரியாணியை விடச் சொல்லவில்லை; சொன்னால் வீடு திரும்ப முடியாது. லோமா லிண்டா ஆய்வில் இன்னொரு சிறு படி இருக்கிறது, யாரையும் எதையும் விடச் சொல்லாத படி. 1992இல் வெளிவந்தது: வாரத்தில் ஐந்து நாளாவது கொட்டை வகை ஏதேனும் கொறித்தவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. கறி உண்பவர், உண்ணாதவர் இருவரிடமும் இதே கதை. பாதாமுக்கும் முந்திரிக்கும் பர்ஸைத் தடவ வேண்டாம். அவர்கள் கொறித்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேர்க்கடலை. பாகாயம் பேருந்து நிறுத்தத்தில் அவித்த கடலை விற்பவரிடம் ஒரு பொட்டலம் வாங்குங்கள். உப்பு மட்டும் குறைவாகக் கேளுங்கள்.